சீட் சாந்தாமணி வாங்கிய பழி

அமெரிக்காவின் டப்ளினில் காலேஜ் வயசுப் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்த் தாய்மார்களில் சாந்தாமணியைத் தெரியாதவர்கள் கிடையாது. காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி பரீட்சைக்கு அந்த பே ஏரியா வட்டாரத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கோ யாரோ விட்ட இடத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்து, வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுபவள் அவள். தன் ஒரே பிள்ளை கவின் அந்த வயசைத் தாண்டிய பிறகும் போட்டாள். சீட் சாந்தாமணி என்றே பெயர் விழுந்துவிட்டது. புண்ணியவதி என்றார்கள். புண்ணியமாவது மண்ணாங்கட்டியாவது! அவள் காத்திருந்தது ஷ்யாமளாவுக்காக.

மூன்று வருஷத்துக்கு முன், கவின் பன்னிரண்டாவது போகும்போது, அவனோடு படித்த பையனின் அம்மா ஷ்யாமளா சொன்னாள், "இப்போல்லாம் யாரு எஸ்.ஏ.டி கேக்கறா? ஆப்ஷனல்தானே. குழந்தையப் போட்டுப் படுத்தாதீங்கோ." பொள்ளாச்சிக்காரி சாந்தாமணிக்கு வெளுத்ததெல்லாம் பால். நம்பிவிட்டாள். அந்த மகராசியோ கோயிலுக்குப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, மகன் மாதவை வெளியூரான சாக்ரமெண்டோவுக்குக் கூட்டிப்போய் எழுத வைத்தாள். சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம். மாதவைச் சேர்த்துக்கொண்ட பெரிய கல்லூரி, மதிப்பெண் அனுப்பாத கவினுக்குக் கதவைச் சாத்தியது. அவன் கேட்டவர்க்கெல்லாம் இடம் தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். மாதவின் வழியனுப்பு விருந்தில் ஷ்யாமளா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கவினும் எழுதியிருக்கலாமே" என்றாள். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

இந்த வருஷம் ஷ்யாமளாவின் மகள் ரக்ஷாவின் முறை. அண்ணன் படிக்கும் கல்லூரிக்கே போக ஆசை. இப்போது அங்கே மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பமே வாங்குவதில்லை. கெடுவுக்கு முன் ஒரே ஒரு தேர்வுதான் மிச்சம். ஷ்யாமளா போன் செய்தாள்.

"எங்கயாவது சீட் ஓபன் ஆனா சொல்லுங்கோ சாந்தாமணி. உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன்."

"சொல்லாம இருப்பனுங்களா? நீங்க நிம்மதியா இருங்க."

மறுநாளே ஃப்ரெஸ்னோவில் இடம் திறந்தது. சாந்தாமணி குழுவில் போடவில்லை. தேவைப்பட்ட தாய்மார்களுக்கெல்லாம் தனித்தனியாக அனுப்பினாள், ஷ்யாமளாவைத் தவிர. ரக்ஷா நல்ல பெண். எங்கே பார்த்தாலும் ஆன்ட்டி என்று ஓடிவந்து கட்டிக்கொள்வாள். ஒரு கணம் மனசு இடறத்தான் செய்தது. பெற்றவள் செய்த பாவம், அனுபவிக்கட்டும் என்று தள்ளிவிட்டாள்.

தேர்வு நாள் போயிற்று. ரக்ஷா எழுதவில்லை, அழுது அழுது சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள் என்று செய்தி வந்தது. சாந்தாமணி சேமியா பாயசம் வைத்தாள். வேலை முடிந்து வந்த கவின் முன்னால் கிண்ணத்தை வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

"உனக்குப் பண்ணுனதத் திருப்பிக் குடுத்துட்டேன் சாமி. இனி எனக்குத் தூக்கம் வரும்."

கவின் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அம்மா, மாதவ் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டான். அங்க இன்னும் சீட் இருக்கு, கார்லயும் இடம் இருக்கு, நீயும் வந்து எழுதுன்னான். நான்தான் வரலன்னு சொன்னேன். எனக்கு அந்த காலேஜே பிடிக்கல."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க அந்த ஆன்ட்டியத் திட்டிட்டு இருந்தீங்க. என்னைத் திட்டல. அப்படியே விட்டுட்டேன்."

வளர்ந்த மகனை அடிக்கக் கை ஓங்கினாள் சாந்தாமணி. ஓங்கிய கை அவள் தலையிலேயே விழுந்தது.

"அந்தப் புள்ள என்னடா பண்ணுச்சு" என்றாள். "ரக்ஷா என்னடா பண்ணுச்சு."