மச்சில் ஒரு பொம்மை

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். உள்ளதை உள்ளபடி காட்டாத வரைபடத்தில் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. ஆனால் எட்டு வயதில் நானே உள்ளதை உள்ளபடி காட்டிக் கட்டிய ஒரு வீடு, எங்கள் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அந்த வருஷம் நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அம்மாவின் தங்கை, என் சித்தி, ஓடி வந்தாள். முழங்கையில் சூட்டுக்காயம், சித்தப்பா வைத்தது. அம்மா அவளை ஏணி வைத்து, கூடத்துக்கு மேலே பலகை பரப்பிய மச்சில் ஏற்றி ஒளித்துவைத்தாள். சித்தப்பா ஒருமுறை வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். மறுபடி வந்தால் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். படகுத்துறைப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வாசற்கதவைத் தாழ்போடுவேன்.

கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைப்பது என் பொறுப்பு. பூங்காவுக்குப் பதில் எங்கள் வீட்டையே கட்டினேன். தீப்பெட்டிச் சுவர், தேயிலைப் பெட்டியில் உரித்த ஈயத்தாள் கூரை, சாக்கு நூலில் துணிக்கொடி, விளக்குமாற்றுக் குச்சியில் ஏணி. கந்தல் சுற்றிய பொம்மைகள் நான்கு: அப்பா, அம்மா, நான், தம்பி. ஐந்தாவதை மச்சில் வைத்து, முழங்கையில் சிவப்பு நூல் சுற்றினேன். அம்மா சுண்டல் வேலையில் இருந்தாள். மேற்பார்வையில்லாக் கட்டுமானம்.

கொலுவுக்கு வந்த பெண்ணை, அழைக்காமல் வந்தாலும், வெற்றிலை பாக்கு கொடுக்காமல் அனுப்பக்கூடாது. அந்த முறையை நம்பித்தான் மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தியின் மாமியார் வந்து நின்றாள்.

"வாங்கோ மாமி" என்றாள் அம்மா. பாயை விரித்தாள்.

"என்ன, கூப்பிட்டாத்தான் வரணுமோ?"

மாமி நேராக நான் கட்டிய வீட்டின் முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொம்மையாகத் தொட்டு, "இது ஆராக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். விரல் மச்சுக்கு ஏறியது. சிவப்பு நூலில் நின்றது. நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது... ஆரும் இல்லை மாமி. மிச்சம் வந்தது" என்றேன்.

மேலே பலகை கிரீச்சிட்டது. அம்மா சுண்டல் கிண்ணத்தைச் சட்டென்று மாமிமுன் நீட்டினாள்.

மாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. குச்சி ஏணியை இரண்டு விரலால் எடுத்து, மச்சுக்குள் அந்தப் பொம்மையின் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

"ஏண்டி குட்டி, ஏணியை இப்பிடி வெச்சாக்க ஆரு வேணும்னாலும் ஏறிடுவாளே! நாளைக்கு எம் பிள்ளை வேற கொலு பார்க்க வரான்."

சுண்டலைத் தின்றாள். உப்புப் போதவில்லை என்றாள். குங்குமம் இட்டுக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா கூடத்து ஏணியைத் தூக்கிச் சித்தியிடம் மேலே கொடுத்தாள். அந்தப் பொம்மையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் சித்தப்பா வந்தார். சமையலறை, கிணற்றடி எல்லாம் பார்த்தார். மச்சின் வாயை அண்ணாந்து பார்த்து, "ஏணி எங்கே?" என்றார்.

"உளுத்துப் போச்சு. விறகாக்கியாச்சு" என்றாள் அம்மா.

போய்விட்டார்.

கொலு முடியும்வரை என் கோபமெல்லாம் அந்த மாமிமேல்தான். கட்டியவளைக் கேட்காமல் வீட்டைத் திருத்தினாளே, சுண்டலையும் குறை சொன்னாளே என்று தம்பியிடம் பொருமினேன். சூடு வைத்த அதே பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் மாமி திரும்பிப் போனாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.