திருநெல்வேலியில் ஒன்றும் நன்றாக இருக்காது என்று நான் சொன்ன நாள்

பந்தியில் பாயசம் மிஞ்சினால் சமையல்காரரைத்தான் தேடுவார்கள். அந்தக் கல்யாணத்தில் என்னைத் தேடி வந்தார்கள். எனக்கோ வெந்நீர் வைக்கக்கூடச் சரியாக வராது.

ஜங்ஷன் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக லாட்ஜ் மேனேஜர் நான். கல்யாண பார்ட்டிக்கு மொத்தமாக ரூம் பிளாக் செய்வது, ஆறு மணிக்கு வருகிற வெந்நீரை ஐந்து மணிக்கே வந்துவிட்டதாகச் சத்தியம் செய்வது, செக்-அவுட் நேரத்தில் காணாமல் போகும் துண்டுகளுக்காக அழுவது என்று தொழில் போய்க்கொண்டிருக்கிறது. இதில் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்துக்கொண்டது ஒரு ஜெராக்ஸ் சீட்டு. 'நெல்லையில் பார்க்க, ருசிக்க' என்று தலைப்பு. வெளியூர் விருந்தாளி சாவி வாங்கும்போதே அதையும் கையில் திணித்துவிடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள், அந்தச் சீட்டால் எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1. டிக் அடித்துக்கொண்டு வந்தவர்கள்

மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிக்காரர்கள். பெண்ணின் அப்பா நயினார் அண்ணாச்சி, டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். முகூர்த்தம் காலை ஆறரைக்கே முடிந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தி பதினொன்றரைக்கு. நடுவில் கிடந்த ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது என்று யோசித்த பொள்ளாச்சிக்காரர்கள், என் சீட்டை எடுத்திருக்கிறார்கள்.

நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண் பார்த்தார்கள். வெளியே வந்து, நான் எழுதியிருந்தபடியே, அல்வாவை இலையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்தார்கள். வரும் வழியில் ரவாதோசை. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் சர்ச் பார்த்தார்கள்; பக்கத்தில் பூரியும் பருத்திப்பாலும். வயிற்றில் துளி இடமில்லாமல் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் நயினார் அண்ணாச்சி லாட்ஜ் கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்வே மேனேஜரே, நான் மண்டபத்துல பந்தி போட்டா, நீரு ஊரு பூரா பந்தி போட்டிருக்கீரு!"

"அண்ணாச்சி, அது பொதுவா எல்லாருக்கும் குடுக்கிற சீட்டு..."

"சீட்டா அது? ஒவ்வொண்ணா டிக் அடிச்சிட்டுல்லா வந்திருக்காவ! மாப்பிள்ளையோட அத்தை பாயசத்தத் தொடவே இல்ல. பாதிச் சோத்தோட இலைய மூடிட்டாவ. அவிய மூடவும் வரிசை பூரா மூடிட்டு."

நான் ஏதோ சமாளிக்க வாய் திறந்தேன். அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

"பிள்ளைய ரெண்டும் தானா பேசி முடிச்ச கல்யாணம்வே. அந்த வீட்டுல எல்லாரும் சரின்னுட்டாவ. அந்த அத்தையம்மா மட்டும் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நேத்து வந்ததுலருந்து என்னை 'பொண்ணோட அப்பா'ன்னுதான் கூப்பிடுதாவ. நாளைக்கு மறுவீட்டுச் சொதி. அதையும் மூடிட்டுப் போனாவன்னா எம் மக அங்கன எந்த மொகத்தோட நிப்பா?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் தொட்டுக்கொள்ள. ஆறிப்போனால் ருசி இறங்கிவிடும். திரும்பக் கொதிக்க வைத்தால் பால் திரிந்துவிடும். சொதிக்காக நாம்தான் காத்திருக்க வேண்டும். நமக்காக அது காத்திருக்காது.

"ஒரு மணிக்கு அவியள வெறும் வயித்தோட எங்க வீட்டுல கொண்டாந்து எறக்கும். ஒம்ம பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார். சும்மா போகவில்லை. கவுண்டரில் மிச்சமிருந்த சீட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

2. என் அபார மூளை

பசிக்க வைப்பதற்கு அருவியை விட்டால் வேறு மருந்து கிடையாது. காலை ஏழு மணிக்கு டெம்போ டிராவலர் ஏற்பாடு செய்தேன். பாபநாசம், அகஸ்தியர் அருவி, திரும்பி டவுன். டிரைவர் செல்லத்துரை, சேரன்மாதேவிக்காரன். பொள்ளாச்சி ஆட்கள் ஒன்பது பேர், அத்தையும் சேர்த்து. பெயருக்கு ஆளுக்கு ரெண்டு இட்லி வாங்கி வைத்திருந்தேன்.

"எனக்கு வேண்டாமுங்க, காப்பி போதும்" என்றார் அத்தை. தெய்வமே இறங்கி வந்து உதவுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாமும் பட்டினி கிடந்தால் காரியம் கூடிவரும் என்று நானும் இட்லியைத் தொடவில்லை.

அருவியில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். தலையைத் துவட்டும்போதே ஒருவர் வயிற்றைத் தடவினார். மணி பத்து. சொதி ஒரு மணிக்கு. பசியை வரவழைக்கத் தெரிந்த எனக்கு, அதை மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. அருவியில் குளிக்காத எனக்கு அப்போதே முதுகு நனைந்துவிட்டது.

வண்டி கிளம்பியதும் அத்தை கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அண்ணாச்சி கைக்குத் தப்பிய என் சீட்டு.

3. என் எழுத்தை நானே மறுத்தது

"அம்பாசமுத்திரம், பாலத்துக்கு முன்னாடி வடைக்கடை. 'சாப்பிடாமல் போனால் ஊருக்கு வந்ததே வீண்'னு எழுதியிருக்கீங்க. நிறுத்தலாமுங்களா?"

"அது... இன்னைக்கு மாஸ்டர் வரலம்மா."

"வந்திருக்காரே அண்ணே" என்றான் செல்லத்துரை. "காலையில போறப்ப எனக்குக் கை காட்டினாரே!"

"லே, ரோட்டைப் பாத்து ஓட்டு."

"சரிங்க, கல்லிடைக்குறிச்சியில அப்பளமாவது வாங்கிக்கலாமுங்களா? பொரிச்சும் குடுப்பாங்கன்னு போட்டிருக்குது."

"வேண்டாம்மா. நேத்து மழைல்லா? எல்லாம் நமுத்திருக்கும்."

நேற்று ஊரையே வெயில் பொசுக்கியது. அத்தை ஜன்னல் வழியே காய்ந்துபோன ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப வீரவநல்லூர் டீக்கடை?"

"பால் திரிஞ்சு போச்சாம்."

"இங்கிருந்தே எப்படீங்க தெரியும்?"

"போன் வந்துச்சும்மா." என் போன் சார்ஜ் தீர்ந்து எல்லோர் கண் முன்னாலும் வண்டியின் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து சேரன்மாதேவி. அதைப் பற்றிச் சீட்டில் ஒரு வரி கிடையாது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இந்த ஊரப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்களே, ஏனுங்க?"

"இங்க ஒண்ணுமே கிடையாதும்மா."

வண்டி சட்டென்று வேகம் குறைந்தது. "அண்ணே, இது எங்க ஊரு" என்றான் செல்லத்துரை. அதற்குப் பிறகு டவுன் வரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. மறைத்தால் இந்தக் குறிப்பு எழுதுவதில் அர்த்தமில்லை. அம்பாசமுத்திரம் தாண்டும் முன் டீசல் போட நிறுத்தினோம். பெட்ரோல் பங்குக்கு எதிரேதான் அந்த வடைக்கடை. காலையிலிருந்து பட்டினி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்" என்று இறங்கினேன். கடைக்குப் பின்னால், வாழைத்தார் மறைவில் நின்று ஒரு உளுந்தவடையை மூன்றே வாயில் முடித்தேன். இரண்டாவதைக் கடிக்கும்போது ஹாரன் அடித்துவிட்டான். பாதியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். தண்ணி பாட்டில் வாங்கவில்லை.

4. மூன்றாம் தடவை

ஒன்று பத்துக்கு அண்ணாச்சி வீட்டு மாடியில் இலை போட்டார்கள். சொதியை அண்ணாச்சியே வாளியில் எடுத்து வந்தார். கல்யாணப் பெண் கதவோரம் நின்று அத்தையின் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெண்ணையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அத்தை முதல் சோற்றைப் பேசாமல் சாப்பிட்டார். பச்சடியைத் தொட்டுக்கொண்டார். இரண்டாவது தடவைக்கு விரலால் மட்டும் இலையைக் காட்டினார். அண்ணாச்சி விட்டார். மூன்றாம் தடவை அத்தை தலையை நிமிர்த்தினார்.

"இன்னுங் கொஞ்சம் விடுங்க, சம்மந்தி."

அண்ணாச்சி வாளியைச் சாய்த்த சாய்ப்பில் சொதி இலையைத் தாண்டித் தரைக்கு ஓடியது. கதவோரத்தில் பெண்ணைக் காணோம்; உள்ளே யாரிடமோ சொல்ல ஓடிவிட்டாள்.

கை கழுவும் இடத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து நான் இலைய மூடறப்ப அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தனுங்க. வயித்துல எடமில்ல, மூடிட்டேன். அவரு வேற நெனச்சுப்போட்டாரு. அதனாலதான் இன்னைக்குப் பசியோட வரோணும்னு இட்லியே வேண்டாம்னுட்டேன்."

"அப்ப வண்டியில ஒவ்வொரு கடையாக் கேட்டீங்களேம்மா?"

"நீங்க எத்தனை பொய் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க." என் சட்டைப் பாக்கெட்டைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது. "வடை எப்படீங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன். காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

தம்பிகளே, அன்று கற்றது இதுதான். கல்யாண பார்ட்டிக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் முன், கல்யாண வீட்டில் எப்போது இலை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ருசியைக் காட்டுகிற அவசரத்தில், அடுப்பருகே ஒருவர் கரண்டியோடு காத்து நிற்பது மறந்துபோகிறது. இப்போது என் சீட்டின் முதல் வரி, கொட்டை எழுத்தில்: 'பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகே இதைப் படிக்கவும்.' சேரன்மாதேவிக்கும் மூன்று வரி ஒதுக்கியிருக்கிறேன்; அவற்றைச் செல்லத்துரையே சொல்லி எழுத வைத்தான்.

நயினார் அண்ணாச்சியை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "சொதிக்கு எங்க வீட்டு விலாசத்த எப்பம்வே சீட்டுல போடப் போறீரு?"