பத்துப் பாயிண்ட் போதும் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் நிட்டிங் மெஷின் ஒன்றில் ஊசி உடைந்து, துணியில் நெடுகக் கோடு விழுந்துகொண்டிருந்தது. ஆபரேட்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது செண்பகவல்லியின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா விடியக்காலமே போயிட்டாங்க" என்றார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சரி? பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. 

மனமகிழ் மன்றத்தில் ஞாயிறு மதியம் பிரிட்ஜ் சீட்டு ஆடும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித் தரும் பையிங் ஆபீசில் துணித் தரம் பார்க்கும் செண்பகம் மேடத்தைப் பனியன் தொழிலில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அவரிடம் ரிஜெக்ட் வாங்காத அதிர்ஷ்டசாலிகள். நான் இரண்டு இடத்திலும் மாட்டியவன். ஒன்பது வருஷம் சீட்டு மேஜையில் அவருக்கு ஜோடி. அஞ்சலி எழுத உட்கார்ந்தால் தொண்டை அடைக்க வேண்டும். எனக்கோ ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து கை பரபரக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், அவரை நினைத்தாலே அப்படித்தான்.

முதல் சந்திப்பே சண்டை. நான் அனுப்பிய துணியில் எடை சொன்னபடி, சதுர மீட்டருக்கு நூற்று எண்பது கிராம், ஒரு கிராம் பிசகவில்லை. அவர் அதை நிராகரித்துவிட்டார். கோபத்தோடு போய் நின்றேன். அந்தத் துணியில் தைத்துத் துவைத்த டீ-ஷர்ட் ஒன்றை மேஜையில் விரித்தார். பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது. "கணக்கு சரியா இருக்குதுங்க. துணி சரியில்லீங்க" என்றார். அன்றைக்கு அவரைத் திட்டாத வார்த்தை இல்லை, எல்லாம் என் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட பிறகுதான்.

அடுத்த மாதம் மன்றத்தில் என் ஜோடிக்காரர் வராத ஒரு ஞாயிறு, எதிரே வந்து உட்கார்ந்தது அதே அம்மாள்! சேவூர்க்காரர், கல்லூரி விடுதியில் பிரிட்ஜ் படித்தவராம். என்னைப் பார்த்ததும், "ஏனுங்ணா, சீட்டுலயாவது முறுக்கு விழாம ஆடுவீங்களா?" என்றார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு (அதற்குப் பெயர் கை), எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜோடியிடம் சீட்டைக் காட்டக் கூடாது, பேசவும் கூடாது. இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் நான்கில் எந்த ஜாதிச் சீட்டைத் துருப்பாக வைத்து, மொத்தம் பதின்மூன்று பிடியில் எத்தனை எடுப்போம் என்று ஏலம் கேட்பது ஒன்றே பேச்சு. ஏஸுக்கு நான்கு பாயிண்ட், ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. பதின்மூன்று சேர்ந்தால் ஏலத்தைத் திறக்கலாம், அதாவது முதலில் கேட்கலாம், குறைந்தால் பாஸ். எனக்கு அது வேதம். பன்னிரண்டு பாயிண்டோடு நான் பாஸ் சொல்லிய கைகளை அடுக்கினால் ஒரு லாரி பிடிக்கும்.

அந்த முதல் நாளே பதின்மூன்று வந்தது. மார்பை நிமிர்த்தித் திறந்தேன். என்னை நம்பி அவர் ஏலத்தை ஏற்றினார். மூன்று பிடி குறைந்து மண்ணைக் கவ்வினோம். அவர் என் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு ஏஸ் கூடக் கிடையாது. ஒரே ஒரு ராஜா, மீதி ராணியும் ஜாக்கியுமாக நான்கு ஜாதியிலும் சிதறிக் கிடந்தன, எந்த ஜாதியும் நீளமில்லை. "பதிமூணு இருக்குதுங்க. கை சரியில்லீங்க" என்றார். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. என் துணி ரிஜெக்ட் ஆன கதையை என்னிடமே கேட்டிருந்த மன்றத்தார் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவருடைய அளவுகோலை நம்மில் பலர் அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். "பாயிண்டைக் கூட்டுங்க. மேல, நீளமான ரெண்டு ஜாதியிலயும் எத்தனை சீட்டுன்னு சேருங்க. இருபது வந்துச்சுன்னா வாயத் தொறங்க. ஆனா பாயிண்ட் அந்த நீளத்துக்குள்ள இருக்கோணும், தனியாப் போயி உக்காந்திருக்கற ராணிய நம்பாதீங்க." துணியில் இரக்கமே காட்டாத மனுஷி, சீட்டில் இத்தனை தாராளமா என்று கேட்டேன். "துணி கெட்டுப் போச்சுன்னா கெட்டதுதானுங்ணா. இங்க நீங்க வாயத் தொறக்கலைன்னா எதிர்ல நான் குருடியா உக்காந்திருக்கறேன்" என்றார்.

தலையாட்டினேனே தவிர, தைரியம் வரவில்லை. கோவையில் வருஷா வருஷம் நடக்கும் ஜோடிப் போட்டியில் ஒருமுறையாவது முதலாவதாக வர வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு நல்ல கையில் நான் பாஸ் சொல்லிக் கெடுத்தேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் இன்னும் குத்தும்.

போன வருஷம் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நாங்கள் இரண்டாவது இடம். அந்தப் போட்டியில் எல்லா மேஜையிலும் அதே சீட்டுகளைத்தான் ஆடுவார்கள். அதே சீட்டில் மற்றவரைவிட நன்றாகச் செய்தவருக்கு மதிப்பெண். சீட்டு வரவில்லை என்ற சாக்கெல்லாம் செல்லாது. முதல் ஏலம் என்னுடையது. எடுத்துப் பார்த்தேன். பத்தே பாயிண்ட்! இஸ்பேடில் ஏஸும் ராஜாவுமாக ஐந்து சீட்டு, டைமனில் ராஜாவோடு ஐந்து. பத்தும் ஐந்தும் ஐந்தும் இருபது. போட்டியில் ஏலம் வாயால் அல்ல, அட்டையால்; கை தன்பாட்டில் பச்சை நிறப் பாஸ் அட்டைப் பக்கம் போனது. எதிரே அவர் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குருடியா உக்காந்திருக்கறேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. எப்படி எடுத்தேன் என்று தெரியாது, 'ஒரு இஸ்பேடு' என்ற ஏல அட்டை மேஜையில் கிடந்தது.

இடப்பக்கத்து ஆள் உடனே இரண்டு ஆட்டின் கேட்டார். செண்பகவல்லி ஒரே தாவலில் நான்கு இஸ்பேடு! வலப்பக்கத்து ஆள் முகம் சிவக்க யோசித்துப் பாஸ் சொன்னார், இடப்பக்கமும் அடங்கியது. நான்கு என்றால் ஆறுக்கு மேல் நான்கு, நான் பத்துப் பிடி எடுக்க வேண்டும். ஏலம் முடிந்தால் ஆடுபவரின் ஜோடி சீட்டை விரித்து வைப்பது விதி; செண்பகவல்லி விரித்தார்: ஐந்து சின்ன இஸ்பேடு, மொத்தமே நான்கு பாயிண்ட். வியர்க்க வியர்க்க ஆடி ஒன்பது பிடி எடுத்தேன். ஒன்று குறைவு. தோல்வி.

"போச்சுங்க மேடம். நான் பாஸ் பண்ணியிருக்கோணும்" என்றேன்.

"நீங்க பாஸ் பண்ணியிருந்தா அவங்க ஆட்டின்ல பத்துப் பிடி அள்ளியிருப்பாங்க. போயி மத்த மேஜையப் பாருங்க!"

ஓடினேன். மற்ற எல்லா மேஜையிலும் என் இடத்தில் இருந்தவர்கள் பாஸ் சொல்லியிருந்தார்கள். ஆட்டின்காரர்கள் பத்துப் பிடி எடுத்து வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் தோல்வி கொசுக்கடி. அந்தச் சீட்டில் நாங்களே முதல், போட்டியிலும் முதல்! செண்பகவல்லி மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. எதிராளிகளே எழுந்து கை கொடுத்தார்கள். திரும்பும் வழி முழுக்க, "பத்துப் பாயிண்ட்ல தொறந்துட்டாருங்க எங்கண்ணன்" என்று யார் யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த வருஷம் அவருக்கு உடம்பு விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதியாக இளைத்திருந்தார். அவர் முதலில் கேட்டது, "போட்டிக்கு நம்ம பேரக் குடுத்துட்டீங்களா?"

"முதல்ல உடம்பு தேறட்டுங்க மேடம்."

"தேறி முடிச்சு எப்பக் குடுக்கறது? என்ற கையில எத்தன பாயிண்ட் இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்ணா. கம்மிதான். பேரக் குடுங்க."

வராந்தாவில் நின்று போனிலேயே பேரைப் பதிந்து, உள்ளே வந்து காட்டினேன். அப்படிச் சிரித்தார். அப்போது ஒன்று சொல்ல நினைத்தேன்: எங்கும் பயந்து பயந்து நின்ற என்னை நம்பி எதிரே உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று. நாக்கு நுனி வரை வந்தது. கொஞ்சம் தெம்பாகட்டும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த செவ்வாய்தான் அந்த போன்.

நேற்று போட்டி நடத்துபவர் கூப்பிட்டு, "உங்க ஜோடிப் பேரை லிஸ்ட்ல இருந்து அடிச்சிரலாமுங்களா?" என்றார். "வேண்டாமுங்க, நான் வர்றேன்" என்றேன். ஜோடி கேட்டு மூன்று பேரிடம் நானே போனேன், மறுத்துவிட்டார்கள். இன்று நான்காமவரிடம் போகிறேன். கையில் இருப்பதை எதிரே இருப்பவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம், அவர் எனக்கு விட்டுப்போனது. அவரிடம் மட்டும் நான் பாஸ் சொல்லிவிட்டேன்.