சுவரில் ஒரு நாய்

பக்கவாதம் வந்தவரை நடக்க வைக்க முதலில் வேண்டியது அகலமான ஓர் இடுப்புப் பட்டை. கால் மடங்கும்போது தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். பட்டையைத்தான் பிடிக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் வீட்டில் எல்லோரும் "சிஸ்டர்" என்று கூப்பிட்டவள் நர்ஸ் இல்லை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். வேலைக்கு வந்த அன்றே பட்டை கேட்டாள். மகன்தான் வாங்கிவந்தான்.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. முதலில் கட்டிலைச் சுற்றி, பிறகு கூடத்தில், மழை விட்டதும் தெருவில் என்று நடை வளர்ந்தது. சிஸ்டர் பட்டையைப் பிடித்தபடி பின்னால் வருவாள்.

"காலைத் தேய்க்காதீங்க சார். செருப்பு அழுவுது."

"உனக்கு... வாய்... ஜாஸ்தி," என்பார் அவர், பாதி வாயால்.

"உங்களுக்கும் சேர்த்து நான்தானே பேசணும்?"

தெருமுனையில் நாய் வைத்தியரின் நீளச் சுவர். அதன் மேல்பாதியில், நாயை ஒரு பெண் கயிற்றில் பிடித்துப் போவதுபோல் வரைந்திருந்தது. எதிரே ஒரு புகைப்படக்காரன், பொருத்தமாக யாராவது வந்து மாட்டமாட்டார்களா என்று காத்துக்கிடந்தான். மாட்டினார்கள். சித்திரத்துப் பெண்ணுக்கு அடியில் சிஸ்டர். நாய்க்கு நேர் கீழே ஹெட்மாஸ்டர், அதே குனிவு, அதே திசை. சாய்வெயில் வேறு பட்டையைப் பிடித்த கையின் நிழலைக் கயிறாக நீட்டிவிட்டது. இவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

படம் பரிசு வாங்கிக் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. தானாக இப்படி அமையுமா என்று ஒரு கூட்டம் வியந்தது. இன்னொரு கூட்டம் சிரித்தது. ஹெட்மாஸ்டரிடம் அடி வாங்கிய பழைய மாணவன் எவனோ அதை மகனுக்கே அனுப்பிவைத்தான்.

"என்ன சிஸ்டர் இது?" என்று கைபேசியை நீட்டினான் மகன்.

"பட்டை. நீங்க வாங்கிக் குடுத்தது."

"எனக்குத் தெரியும். பாக்கறவனுக்குத் தெரியுமா? எங்கப்பாவ நாய் மாதிரி..."

அவள் கண் நாயையும் நிழலையும் விட்டுக் காலுக்குப் போயிற்று. இடது பாதம் தரையை விட்டுத் தெளிவாக எழும்பியிருந்தது. பின்னால் நடந்தவளுக்கு அன்று அது தெரியவில்லை.

"சார், இங்க பாருங்க! தூக்கி வெச்சிருக்கீங்க!"

ஹெட்மாஸ்டர் பார்த்தார். பாதி முகம் சிரித்தது. "நான்... தான்."

"ஊரே சிரிக்குது, நீங்களுமாப்பா?" மகன் அவள் பக்கம் திரும்பினான். "இனிமே பட்டை வேணாம். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"கையப் பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம். நான் மாட்டேன்."

"அப்ப தெருவே வேணாம்."

"வீட்டுக்குள்ளயாவது கட்டறேன். இப்ப நிறுத்துனா அந்தக் கால் போயிடும்."

"ஜன்னல் வழியா எவனாவது எடுத்தா? அந்தச் சனியனே வீட்ல இருக்கக் கூடாது."

"ந... நட..." என்றார் ஹெட்மாஸ்டர். அந்தச் சொல் முழுதாக வருவதற்குள் மகன் வேறு ஆளுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டான்.

படம் போனால் கோபமும் போகும் என்று சிஸ்டர் புகைப்படக்காரனைத் தேடிப் போனாள். தன்மையான பையன். நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"உங்க முகத்த வேணா மங்கலாக்கறேன்மா."

"என் முகத்துக்கு என்ன கேடு? படத்த எடுத்துடு. அவரு நடக்கணும்."

"இப்படி அமையறது வாழ்க்கைல ஒரு தடவைதாம்மா."

"அவருக்கும் அதேதாம்ப்பா."

அவன் வாசல்வரை வந்து வழியனுப்பினான். படத்தை நீக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், வேறொரு வீட்டில் சிஸ்டர் ஒரு கிழவிக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது ஹெட்மாஸ்டர் வீட்டுப் புது ஆள் கைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, சாருக்குக் குதிகால்ல புண்ணு வெச்சிருக்கு. என்ன மருந்து போடறது?"

"நடக்க வைக்கறியா?"

"எங்கக்கா? படுக்கைதான். கால் குச்சியாட்டம் ஆயிடுச்சு."

"கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வை. குதிகால் மெத்தைல படக் கூடாது. புண்ணு எவ்வளவு ஆழம்?"

"விரல் நுனி போகுதுக்கா."

சிஸ்டர் துணியைப் பிழிந்து வைத்தாள்.

"டாக்டரைக் கூப்பிடச் சொல்லு. உடனே."