கால் முறிந்தவளாகப் படுத்திருந்த மதியம்

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் பீங்கான் பட்டறையிலிருந்து ஐந்தாறு பெண்களை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மணிமுத்தாறும் வெள்ளாறும் பொங்கினால் விருத்தாசலத்துக்கும் ஆபத்துதான் என்று காரணம் சொன்னார்கள். மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் வகுப்பு நடந்தது. கடலூரிலிருந்து வந்த நர்சம்மா சொல்லிக்கொடுத்தார்.

கடைசி நாள் ஒத்திகை. தூக்கச் சுலபம் என்று ஒல்லியாக இருந்த என்னை நோயாளியாக்கினார்கள். வலது கால் முறிந்ததாகக் கணக்கு. மூங்கில் பட்டைகள் வைத்து இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி, சாக்கும் கழியும் கோத்த ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளி விட்டதும் நான்தான் போய் அழைத்துவர வேண்டும்.

"இன்னும் எவ்ளோ நேரங்க ஆவும்?"

"மயக்கமா கெடக்குற ஆளு பேசக்கூடாதும்மா," என்றார் நர்சம்மா.

நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்திருந்தவர் எங்கள் பட்டறையில் சூளை அடுக்கும் அக்கா. தூறலில் படி வழுக்கிவிட்டது. அவர் விழுந்தார், நானும் தலைப்பக்கமாகச் சரிந்தேன். அக்கா தன் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா நல்லா நடிக்குது," என்றாள் ஒருத்தி.

அக்காவின் முகம் எனக்கு மிக அருகில் இருந்தது. உதடு வெளுத்து, நெற்றி வேர்த்திருந்தது. மணிக்கட்டு கோணியிருந்தது.

"நெசமாவே ஒடஞ்சிருக்குதுங்க," என்று கத்தினேன். நானும் நடிப்பதாகத்தான் நினைத்தார்கள். முடிச்சுகளைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, என் காலிலிருந்த பட்டைகளை உருவினேன். ஒன்றை அக்காவின் கைக்கடியில் வைத்தேன். படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் நர்சம்மா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிச்சுட்டல்ல, நீயே கட்டு. நான் கையத் தாங்கிப் புடிச்சிக்கிறேன். ஒடஞ்ச எடத்து மேல முடிச்சு போடாத."

கட்டினேன். "வெரலு மரத்துப் போவுதாக்கா?"

"இல்ல. நீ போயி புள்ளயக் கூட்டியா."

சொன்னாரே தவிர, இன்னொரு கையால் என் புடவையை விடவில்லை. அவரோடு ஆட்டோவில் ஏறினேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிந்திருக்கிறது, கட்டு சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அது என் காதில் சரியாக விழக்கூட இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் வந்ததும் மழையில் ஓடினேன். பள்ளியில் மகள் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அக்காவின் கை கூடியது. கனமான தட்டுகளைத் தூக்க முடியாததால் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எனக்குத்தான் அந்த மழைக்காலம் முழுக்க நிம்மதியில்லை. தெருவில் யார் குரல் உயர்ந்தாலும், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று எழுந்து ஓடுவேன்.

"கூப்ட்டா போவலாம், உக்காரு," என்பார் என் வீட்டுக்காரர்.

நான் அதற்குள் வாசலுக்குப் போயிருப்பேன். பெரும்பாலும் எதிர்வீட்டு அம்மா ஆட்டை அதட்டிக்கொண்டிருப்பார்.