பாறூக் நானாவின் மூன்றாவது பந்து

பாறூக் நானா காலையில் இழுக்கிற முதல் மூச்சில் புத்தளம் களப்பு ஒரு சாண் வற்றும். எலுவன்குளத்துக் காட்டு யானைகள் தும்பிக்கையால் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது மூச்சைப் பள்ளிவாசல்துறைத் தேத்தண்ணிக் கடையில், வாயில் குழாய் வைத்து இழுக்கிறார்.

குழாயின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் தனித்தனி அறையில் மூன்று பந்துகள். காற்றை உள்ளே இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக மேலே எழும்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டது. நானா கடலட்டை எடுக்க முக்குளிக்கிறவர். போன மாரியில் நியூமோனியா வந்து வார்ட்டில் கிடந்தார். மூன்றாவது பந்து எழும்பும்வரை கடலில் இறங்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. இறங்கினால் வீட்டுக் கதவு திறக்காது என்பது மனைவி சுல்பா சொன்னது. நானா டாக்டருக்குப் பயப்படுகிறவரில்லை.

முதல் கிழமை முழுக்க ஊதினார். தண்ணீருக்கு மேலே வந்ததும் மூச்சை ஊதித் தள்ளுவதுதான் முக்குளிக்கிறவர்களின் பழக்கம். குழாயைக் கண்டதும் அதையே செய்தார். பந்து அசையவில்லை. "சாமான் பழுது" என்று திருப்பிக் கொடுக்கப் போனார். நேர்ஸ் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்ததாக நானா சொல்கிறார். சுல்பா சொல்லும் கதை வேறு.

இப்போது கடைக்கு வருகிற எல்லாருக்கும் நுரையீரல் பாடம்தான்.

"தொண்டையில இருந்து ஒரு குழாய் எறங்குது. நெஞ்சில வந்து ரெண்டாப் பிரியிது, கரவலைக் கயிறு மாதிரி. பொறகு சின்னனா, இன்னும் சின்னனாப் பிரிஞ்சு, கடைசியில மீன் சினை மாதிரிக் குமிழ் குமிழா இரிக்கி. அங்கதான் காத்து ரத்தத்தில சேருது."

"எத்தின குமிழ், நானா?"

"நீ உள்ள போய் எண்ணிட்டு வா."

பிறகு குரலைத் தாழ்த்துவார். "இடது பக்கத்து நுரையீரல் கொஞ்சம் சின்னன். கல்புக்கு எடம் விட்டிரிக்கி." சொல்லிக்கொண்டே இதயம் இருக்கிற இடமென்று நெஞ்சில் கை வைப்பார், வலது பக்கத்தில். கடைக்கார நளீம் அந்தக் கையைப் பிடித்து இடது பக்கம் மாற்றி வைப்பார்.

மூன்றாவது பந்துக்குள் ஈயம் ஊற்றியிருக்கிறார்கள் என்று, தினமும் எதிரே உட்கார்ந்து பார்க்கிற நான் ஒருநாள் சொல்லிவைத்தேன். மனுசன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "ஒனக்கு விளையாட்டு. அட்டை சீசன் போகுதுடா" என்றார். அன்று முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

நேற்று, கிளினிக்குக்கு முதல்நாள், மறுபடி இழுத்தார். முதல் பந்து சட்டென்று எழும்பியது. இரண்டாவதும். நானாவின் வயிறு முன்னே தள்ளியது; தோள் அசையவில்லை. நளீம் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். மூன்றாவது, ஒரு நெல்மணி உயரம் எழும்பி, நடுங்கி, விழப்பார்த்து, பிறகு போய் உச்சியில் முட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நளீம்.

நானா குழாயை எடுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். என் இரண்டு கன்னமும் பேத்தை மீன்போல உப்பியிருந்தன.

"டேய் ரிப்கான், நான் இழுக்கக்குள்ள நீ எப்பவும் இப்பிடித்தானா?"

அவரோடு சேர்த்து இழுத்த மூச்சை நான் இன்னும் விடவில்லை. நானா இரண்டு விரலை நீட்டி என் கன்னங்களை மெல்ல அழுத்தினார்.