மூன்றாம் சரணத்துக்கு முன் வரும் ரயில்

உர்சுலா மலேசியாவின் கிள்ளானில் ஒரு பல் மருத்துவரின் முகப்பில் அமர்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதும் வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை. இறந்துவிடவில்லை, ஜொகூரில் இருக்கிறார். தெலுக் பூலாயில் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் சிற்றாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துபவரும் உர்சுலாதான். குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். பன்னிரண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டாமவர் இரண்டு கிறிஸ்துமஸாக வரவில்லை, ஆகவே குழுவின் கணக்கை எழுதும் நான் அவரைச் சேர்ப்பதில்லை.

சனிக்கிழமை மாலை, ஆலயத்தின் பின்னால் உள்ள மண்டபத்தில் பயிற்சி நடக்கும். மண்டபச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு கம்பி வேலியும் மட்டுமே உண்டு. பயணிகள் ரயில் சத்தமில்லாமல் போய்விடும். அதனால் எந்தப் பாட்டும் கெட்டதில்லை. கெடுத்தது சரக்கு ரயில். தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் ரயில், நாங்கள் காணிக்கைப் பாடலைப் பாடும் நேரம் பார்த்து வரும். வளைவில் பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர்கள் தண்டவாளத்தின் குறுக்கே நடப்பதால் ஓட்டுநர் ஹார்னை நீளமாக அடிப்பார். பிறகு பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் வாயசைப்பது தெரியும், என்ன பாடுகிறார் என்பது தெரியாது.

முதல் இரண்டு வருடம் உர்சுலா அதோடு போட்டி போட்டுப் பார்த்தார். பிறகு ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டாம் சரணம் முடியும்போது ரயில் வருகிற மாதிரி பயிற்சியைத் தொடங்குவது. ஹார்ன் கேட்டதும் அவர் வலது கையைத் தூக்குவார். எல்லோரும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்போம். கடைசிப் பெட்டி போனதும் கை இறங்கும். மூன்றாம் சரணம் தொடங்கும்.

எந்தச் சுருதியில் தொடங்குவது என்ற கேள்வி எழவில்லை. ஹார்ன் எந்தச் சுருதியில் ஒலித்ததோ அதில் தொடங்குவோம். எங்கள் கீபோர்டில் நடுவே நான்கு கட்டைகள் பேசாது. ஹார்ன் எப்போதும் பேசியது. எஞ்சின் மாறினால் சுருதியும் மாறும். அப்படிப்பட்ட நாட்களில் காய்கறி வியாபாரம் செய்யும் இராஜம்மா தொண்டையைத் தடவிக்கொள்வார்.

"இன்னிக்கு வேற எஞ்சின் போல அக்கா. எட்டவே மாட்டேங்குது."

"எட்டு. ஆண்டவருக்குத்தானே பாடுறே," என்பார் உர்சுலா.

ஞாயிறு திருப்பலியில் இதனால் சிக்கல் வந்ததில்லை. இரண்டு சரணம் முடிவதற்குள் காணிக்கைத் தட்டு பீடத்துக்குப் போய்விடும், பாட்டும் நின்றுவிடும். மூன்றாம் சரணத்தை எங்களையும் ரயிலையும் தவிர யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு தண்டவாளப் பராமரிப்பு வேலை தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து துறைமுகம் வரை சரக்கு ரயில்களின் நேரத்தையெல்லாம் மாற்றினார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டாம் சரணம் முடிந்தது, ஹார்னுக்குக் காத்திராமல் பழக்கத்தில் உர்சுலா கையைத் தூக்கினார், தண்ணீர் குடித்தோம். ஒன்றும் வரவில்லை. கொள்கலன் லோரி ஓட்டும் வாலண்டைன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"டிரைவரு கோயிலுக்குப் போயிட்டானோ?"

"இங்கதான் கோயிலு," என்றார் இராஜம்மா.

மூன்றாம் சரணம் அன்று தொடங்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதே மாதம் பங்குத்தந்தை மார்க் ஓர் அறிவிப்புச் செய்தார். சிறிய ஆலயத்துக்கு இரண்டு பாடகர் குழு அதிகம் என்பது அவர் கருத்து. ஏமி நடத்தும் ஆங்கிலக் குழுவோடு தமிழ்க் குழுவை இணைக்கலாமா என்பதை ஆலயப் பொன்விழாவுக்குப் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார். பொன்விழாவில் தமிழ்க் குழு காணிக்கைப் பாடலைப் பாட வேண்டும். கூட்டம் அதிகம், காணிக்கைப் பவனி நீளம். ஆகவே மூன்று சரணமும் வேண்டும் என்றார். இணைத்தால் ஏமிதான் நடத்துவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கிட்டார் இருக்கிறது, திரையில் வரிகளைக் காட்டும் கருவி இருக்கிறது, வயதும் முப்பதுதான். உர்சுலா அன்று வீட்டுக்குப் போகும்போது தன் பாட்டுப் புத்தகத்தை மண்டபத்திலேயே மறந்து வைத்துவிட்டார். அதற்கு முன் அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அவர் கிள்ளான் நிலையத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். முகப்பில் சுகுமாறன் என்ற ஊழியர் இருந்தார்.

"தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் வர்ற கொண்டெய்னர் ரயிலு என்னாச்சு?"

"டைம் மாறிடுச்சு ஆன்டி. லைன்ல வேலை நடக்குது."

"இப்ப எப்ப வரும்?"

"ஒரு நாளு மத்தியானம், ஒரு நாளு விடியக்காலைல. வர்றப்ப வரும் லா."

"பழைய டைமுக்கு மாத்த முடியாதா?"

சுகுமாறன் அவரை ஒரு முறை பார்த்தார். "நீங்க சாமான் அனுப்புறீங்களா ஆன்டி?"

"இல்ல. பாடுறோம்."

சுகுமாறன் சிரிக்கவில்லை. மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னார். சொன்னாரா என்பது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வாலண்டைன் தன் லோரியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, இரண்டாம் சரணம் முடிந்ததும் ஹார்ன் அடித்தார். சுருதி மிகவும் கீழே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "பாஸ், இது பார்க்கிங் இல்ல," என்றார். லோரி ஒரு வாரத்தோடு நின்றது.

கடைசியில் உர்சுலா ஒரு முடிவுக்கு வந்தார். இனி நிறுத்துவதில்லை. இரண்டாம் சரணம் முடிந்த மூச்சிலேயே, அதே சுருதியில், மூன்றாம் சரணம். தண்ணீர் போத்தல்களை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் நின்றோம். இரண்டாம் வாரம் இராஜம்மா மட்டும் நின்றார். மூன்றாம் வாரம் யாரும் நிற்கவில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பொன்விழா அன்று ஆலயம் நிரம்பி, வெளியே கூடாரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். காணிக்கைப் பவனி தொடங்கியது. முதல் சரணம் சரியாக வந்தது. இரண்டாம் சரணம் அதைவிடச் சரியாக வந்தது. அது முடிந்ததும் உர்சுலா வலது கையைத் தூக்கினார்.

நாங்கள் நின்றோம்.

சிலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். குழு நின்றதால் அவர் கையைத் தூக்கிச் சமாளித்தார் என்கிறார்கள். அப்படியல்ல. கைதான் முதலில் போனது. தூக்கிய பிறகுதான் அது தன் கை என்று தெரிந்தவர்போல அவர் அதைப் பார்த்தார். ஆனால் இறக்கவில்லை. ரயில் வராமல் எப்படி இறக்குவது? பாதர் மார்க் கிண்ணத்தோடு பீடத்தில் நின்றார். பவனியில் பழத்தட்டு கொண்டு வந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். கூடாரம்கூட அமைதியாயிற்று. எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை. கொள்கலன் ரயில் ஒன்று போகிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கை இறங்கியது. இராஜம்மா ஒரு சுருதியில் தொடங்கினார், வாலண்டைன் இன்னொன்றில். மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்தோம். கடைசி வரியில் எல்லோரும் சந்தித்தோம்.

விருந்துக்கு உர்சுலா வரவில்லை. மண்டபத்தில் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இராஜம்மா சோற்றுத் தட்டோடு போய் நின்றார்.

"நான்தான் தூக்குனேன்," என்றார் உர்சுலா.

"நாங்களும்தான் நின்னோம். சாப்பிடுங்க அக்கா."

செவ்வாய்க்கிழமை பாதர் மார்க் உர்சுலாவையும் ஏமியையும் அலுவலகத்துக்கு அழைத்தார். நான் குழுவின் செயலாளர் என்பதால் நானும் இருந்தேன்.

"ஆன்டி, நடுவுல எதுக்குக் காத்திருந்தீங்க?"

"ரயிலுக்கு பாதர்."

"எந்த ரயிலு?"

"பாடாங் பெசார் ரயிலு."

பாதர் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர்போலத் தலையசைத்தார். பிறகு ஏமியைப் பார்த்து, "அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு குழுவையும் சேர்த்துப் பார்த்துக்கிறீங்களா?" என்றார். உர்சுலா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"என்னால முடியாது பாதர்," என்றார் ஏமி.

"ஏன்?"

"அவங்க கைய தூக்குனதும் பதினோரு பேரும் கப்னு நின்னாங்க. கை இறங்குற வரைக்கும் ஒருத்தர்கூட இருமல. என் குரூப்ல நான் ஸ்டாப்னு கத்துனாலும் கிட்டார் அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். அதுவும் அவங்க வராத ரயிலுக்குக் காத்திருக்காங்க. அது எப்பப் போய் முடியும்னு எனக்கு எங்க தெரியும்? ஆன்டி இல்லாம இவங்கள மேய்க்க முடியாது லா."

பத்துப் பேர்தான் நின்றோம், பதினொன்றாமவர் உர்சுலா என்று நான் திருத்தினேன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

"சரி, தனித்தனியாவே இருக்கட்டும்," என்றார் பாதர் மார்க்.

உர்சுலா நன்றி சொல்லவில்லை. எழுந்து கைப்பையை எடுத்தார். கதவருகே போய்த் திரும்பினார்.

"அப்ப மண்டபத்து ஃபேன மாத்திக் குடுங்க பாதர். ரெண்டு வருஷமா சுத்தல."

"பார்க்கலாம் ஆன்டி," என்றார் பாதர்.

இன்னும் பார்க்கவில்லை. பயிற்சி சனிக்கிழமைதோறும் நடக்கிறது.